ஆயுத பூஜைக்குக் குளித்த தொட்டி

எங்கள் ஆலையில் ஆயுத பூஜைக்கு ஒரு தொட்டியை மட்டும் யாரும் கழுவக்கூடாது. சந்தனப் பொட்டு வைக்கலாம், அதுவும் வெளிச்சுவரில். மற்றபடி அதன் பக்கம் வாளியோ விளக்குமாறோ போகக்கூடாது. மேஸ்திரி காலையிலேயே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அதன் வாய்க்காலருகே போட்டு, கையில் மூங்கில் குச்சியோடு உட்கார்ந்துவிடுவார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் யாராவது தெரியாமல் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், "அக்கட்டால போ, அக்கட்டால போ!" என்று எருமையை ஓட்டுவது மாதிரி விரட்டுவார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் சிரிப்பு மட்டும் வேறு, தப்பித்தோமடா சாமி என்கிற சிரிப்பு.

கொல்லிமலைக்கு ஏறுகிற ரோட்டில், காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி, வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கிறது எங்கள் ஜவ்வரிசி ஆலை. ஊர்ப் பேச்சில் சேகோ. மலையில் விளைகிற மரவள்ளிக் கிழங்கு லாரியில் இறங்கி எங்களிடம் வரும். தோல் சீவி, கழுவி, அரைத்து, பாலைத் தெளியவிட்டு மாவெடுத்து, உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. கேட்க எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது! ஆனால் ஒரு ஆலை குடிக்கிற தண்ணீரும், குடித்துவிட்டு வெளியே விடுகிற கழிவும் எவ்வளவு என்று பாயசம் குடிக்கிற யாருக்கும் தெரியாது. அந்தக் கழிவுத் தண்ணீர் சீக்கிரம் புளிக்கும். புளித்தால் நாற்றம் ஊரையே தூக்கும். பஸ் எங்கள் ஆலையை நெருங்கும்போது கண்டக்டர், "சேகோ எறங்கு, மத்தவங்க மூக்கப் புடி!" என்று சத்தம் போடுவார். நான் அந்த பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பேன். கல்யாணமாகி வந்த புதிதில் அழுகை வரும். அப்புறம், "உங்க ஊட்டுப் பாயசம் மட்டும் மணக்குதாக்கும்?" என்று திருப்பிக் கேட்கக் கற்றுக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து அந்த நாற்றத்தைத் தேடி இரண்டு பக்கமிருந்தும் ஆள் வந்தது. ஒரு பக்கம், கழிவை இனி ஓடையில் விடக்கூடாது, அதற்கு வழி பண்ணாத ஆலையைப் பூட்டிவிடுவோம் என்று உத்தரவு. அது நியாயந்தான், ஓடை கெட்டுப்போனது எங்களுக்கே தெரியும். இன்னொரு பக்கம், கரண்ட் விஷயத்தில் ஒரு புது விதி. கரண்ட் விற்கிற வாரியம் எல்லாவற்றையும் நிலக்கரியிலேயே எடுக்கக்கூடாது. ஒரு பங்கைக் காற்று, வெயில், சாணம், ஆலைக் கழிவு மாதிரி தீர்ந்துபோகாத சரக்கிலிருந்து எடுக்கிறவர்களிடம் வாங்கியே ஆகவேண்டும் என்று கட்டாயம். அப்படிக் கரண்ட் எடுப்பவர்களுக்கு சர்க்கார் உதவித்திட்டமும் உண்டு. என் வீட்டுக்காரர் சேலத்தில் ஒரு கூட்டத்துக்குப் போய் இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனிதர் அவர். அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ஏ புள்ள, நம்ம நாத்தத்தக் கரண்டாக்குனா வாங்கிக்கறாங்களாமா."

"ஆரு?"

"கரண்ட் ஆபீஸ்காரங்கதான். வாங்கித்தான் ஆகோணுமாம். சட்டமாம்."

"வெயில்லயா வந்தீங்க? மோர் குடிங்க மொதல்ல," என்றேன். நம்பினால்தானே!

ஆனால் உண்மைதான். கோயமுத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியர் தம்பி வந்து எங்கள் ஆலைக்குப் பின்னால் பெரிய தொட்டி ஒன்றைக் கட்டினார். ஆலையின் கழிவு வாய்க்கால் எல்லாவற்றையும் அதற்குள் திருப்பிவிட்டார். உள்ளே சாணிக் கரைசல். அதில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இருக்குமாம். அவை கழிவைத் தின்று கேஸ் விடும். கேஸ் சேரச்சேர, தொட்டிமேல் கவிழ்த்து வைத்த பச்சை டிரம் தானாக மேலே எழும்பும். அந்த கேஸில் இன்ஜின் ஓடும், இன்ஜின் கரண்ட் எடுக்கும், ஆலைக்குப் போக மிச்சம் வாரியத்தின் கம்பிக்கு ஏறும்.

"இத மெஷின்னு நெனைக்காதீங்க அக்கா," என்று அந்தத் தம்பி படித்துப் படித்துச் சொன்னார். "இது வயிறு. உசுருள்ள வயிறு. ஒத்துக்கறதக் குடுத்தாத்தான் வேலை செய்யும்."

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். ஆனால் இரும்பும் சிமெண்டும் குழாயுமாக ஒன்று கண்முன்னால் நின்றால் அதை மெஷின் என்று நினைக்காமல் வேறு என்னவென்று நினைப்பது? டிரம் எழும்பியது. இன்ஜினையும் ஓட்டிப் பார்த்தோம். தீபாவளி கழிந்து அதிகாரிகள் வருவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பகல் முழுவதும் எங்கள் கேஸிலேயே இன்ஜின் ஓடிக் கரண்ட் கம்பிக்கு ஏறினால், வாரியம் எங்களிடம் வாங்கும், உதவியும் வரும், ஓடைக்குக் கழிவும் போகாது. ஓடாவிட்டால் ஆலைக்குப் பூட்டு. அதுவரைக்கும்தான் தவணை கொடுத்திருந்தார்கள். பூட்டினால் அடுப்பு அணைவது எங்கள் வீட்டில் மட்டுமல்ல. மேஸ்திரியிலிருந்து தோல் சீவுகிற பெண்கள் வரை எல்லோர் வீட்டிலும் அணையும்.

அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பக்கத்து ஆயுத பூஜையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். லாரி, போர் போடுகிற ரிக், பண்ணை, ஆலை என்று எல்லோரும் இரும்பை வைத்துப் பிழைக்கிறவர்கள். வருஷம் முழுவதும் நம் அழுக்கையெல்லாம் சுமக்கிற மெஷினை அன்றைக்கு ஒரு நாள் மாப்பிள்ளை மாதிரி குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, ஓடவிடாமல் ஓய்வு கொடுத்து உட்கார வைப்போம். முந்தின நாள் முழுக்கக் கழுவல்தான். சேகோ ஆலையில் அது சாதாரணக் கழுவல் அல்ல. புளிப்பு வாடை, பாசி, பிசுக்கு எதுவும் மிச்சமிருக்கக்கூடாது. ப்ளீச்சிங் பவுடர் மூட்டை மூட்டையாகக் கரையும். மற்ற வருஷங்களில் அந்தத் தண்ணீர் ஓடையோடு போய்விடும்.

நானும் வீட்டுக்காரரும் அன்றைக்கு ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். மேஸ்திரி இருக்கும்போது என்ன கவலை? இந்த ஆலையில் அவர் கை படாத போல்ட்டு கிடையாது. மறுநாள் காலை வந்து பார்த்தால் ஆலை கண்ணாடி மாதிரி இருந்தது. வாசலில் வாழைக்கன்று, கோலம். அரைக்கிற மெஷினுக்குச் செவ்வந்தி மாலை. எல்லாவற்றுக்கும் மேலே, புதுத் தொட்டிக்குத் தனி மரியாதை: மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம், டிரம்மைச் சுற்றி மாவிலைத் தோரணம். வாய்க்காலும் தொட்டி வாயும் பளபளவென்று மின்னின. எனக்கே கண் நிறைந்துவிட்டது. பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து எல்லோரையும் அனுப்பினோம்.

விஜயதசமி கழிந்து ஆலையை ஓட்டினோம். டிரம் எழும்பவில்லை. மறுநாளும் எழும்பவில்லை. அதற்கும் மறுநாள் இறங்கத் தொடங்கியது. நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். தோரணம் கட்டின டிரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குள் முங்கிக்கொண்டிருந்தது. அட கெரகமே என்று கோயமுத்தூருக்கு போன் போட்டோம். இன்ஜினியர் தம்பி ஓடி வந்தார். தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பூஜைக்கு என்ன போட்டுக் கழுவுனீங்க?"

மேஸ்திரி பெருமையோடு முன்னால் வந்தார். "எல்லாம் நெம்பர் ஒன் சரக்குங்க தம்பி. ஆலைக்கு ப்ளீச்சிங். எல்லாத்தையும் கழுவிப்போட்டு, புதுசா வந்தவன மட்டும் அழுக்கா உடறதான்னு, இந்தத் தொட்டி வாயில எச்சாவே ஊத்துனனுங்க. பினாயிலும் ஊத்தி, மஞ்சத் தண்ணியும் ஊத்தி... ஒரு பூச்சி புழு உசுரோட இருக்காதுங்க!"

தம்பி அப்படியே தொட்டிப் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். ஆலை முழுவதையும் கழுவிய தண்ணீர், வாய்க்கால்களை மாற்றிவிட்டபடியால் ஓடைக்குப் போகாமல் நேராகத் தொட்டிக்குள் போயிருந்தது. அதற்கு மேலே இந்த விசேஷ அபிஷேகம் வேறு. எந்தப் பூச்சிகளை நம்பி ஆலை நின்றதோ, அந்தப் பூச்சிகளுக்கே பினாயில் ஊற்றியாகிவிட்டது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே குடியிருக்கும். அன்றைக்கு அது இறங்கி வந்து ஆடியது. "கும்புடறேன் கும்புடறேன்னு கொன்னே போட்டீங்களே மேஸ்திரி!" என்று கத்தினேன். தோல் சீவுகிற பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். இன்னும் என்னென்னவோ சொல்ல வாய் துடித்தது. மேஸ்திரி தொட்டிச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"குளிக்கக் கூடாத புள்ளையக் குளிப்பாட்டிப் போட்டனுங்களா அம்மிணி?"

அதற்கு மேல் என்னத்தைத் திட்டுவது? நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்றிலிருந்து மேஸ்திரி ஆலைச் சோற்றைத் தொடவில்லை. எங்கள் ஆலையில் மத்தியானச் சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றாகத்தான். அவர் மட்டும் அந்த நேரத்தில் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொள்வார். கூப்பிட்டால், "அது பட்டினி கெடக்கையில எனக்கெதுக்குங்க சோறு? அதுக்கு வயிறு தெளியட்டும், அப்பறம் நான் திங்கறன்," என்பார். கோபமாகச் சொன்னால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொல்வார். எனக்கு அதுதான் தாங்காது.

இன்ஜினியர் தம்பி கையை விரித்துவிடவில்லை. பூச்சிகளில் கொஞ்சம் அடியில் பிழைத்திருக்கலாம், பார்ப்போம் என்றார். ஆலையை நிறுத்தினோம். தொட்டித் தண்ணீரில் பாதியை இறைத்து வெறுந்தரையில் குழி வெட்டி விட்டோம். நல்ல தண்ணீர் விட்டு, புளிப்பு முறியச் சுண்ணாம்பு கலக்கினோம். இனி வேண்டியது சாணி. புதுச் சாணி, லாரி லாரியாக.

சாணிக்கா பஞ்சம் என்பீர்கள். பஞ்சம்தான்! எங்கள் அடிவாரத்துத் தோட்டங்களில் டிராக்டர் வந்து மாடு போய் ரொம்ப நாளாகியிருந்தது. திரும்பின பக்கமெல்லாம் கோழிப்பண்ணை. கோழி எருவை மலையளவு தருகிறேன் என்று சொந்தக்காரர்கள் போட்டி போட்டார்கள். தம்பி கும்பிடு போட்டு வேண்டாமென்றார். கோழிக்குக் கொடுக்கிற மருந்தெல்லாம் அதில் இருக்கும், இருக்கிற கொஞ்ச நஞ்ச உயிரும் போய்விடும் என்றார். மாடு இருக்கிற இடம் மேலேதான். எனவே கிழங்கு ஏற்றி வருகிற எங்கள் லாரியை வெறுமையாக மேலே விட்டோம். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்காரரை அனுப்பினால் பேசாமலே திரும்பி வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

ஐப்பசி மழை. வளைவுக்கு வளைவு லாரி முனகிக்கொண்டு ஏறியது. சோளக்காடு சந்தையில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, வாழைத்தாரும் அன்னாசியும் சாக்குக்கு அடியில் நனைகிறதைத் தாண்டி ஆலத்தூர் நாட்டு ஊர்கள் பக்கம் போனோம். ஒவ்வொரு ஊரிலும் இறங்கிக் கேட்டேன். "சாணி வேணுமுங்க, வெலை என்னன்னு சொல்லுங்க." எங்கள் சனத்துக்கு வாயைத் திறந்தால் முதலில் வருவது விலைதானே. எல்லோரும் மரியாதையாக, "இல்லீங்க" என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் எருக்குழியில் சாணி ஆவி பறக்கிறது, முன்னால் நின்று இல்லீங்க என்கிறார்கள்! அடுத்த ஊரிலும் அதே கதை. மழையில் நனைந்த புடவையும், இல்லீங்க இல்லீங்க என்கிற பதிலும் சேர்ந்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எங்களுக்குக் கிழங்கு போடுகிற ஒரு அக்கா அந்தப் பக்கம் இருந்தார். தன் லோடோடு லாரியிலேயே உட்கார்ந்து கீழே வந்து, தராசை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர். நாக்கு அரிவாள்மணை. கடைசியில் அவர் வீட்டு முன்னால் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அங்கேயும் பழக்க தோஷம், "வெலை என்னான்னாலும்..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு சாமி!" என்றார் அக்கா. "சாணிய விக்கறவ எவளாச்சும் இந்த மலையில இருக்கறாளா? அது லச்சுமி. அதுக்கு வெலை பேசுனா ஊட்ல என்ன தங்கும்?"

"அப்ப நான் என்ன பண்றதுக்கா? ஆலையப் பூட்டிப் போடுவாங்க."

"பூட்டுனா?"

"பூட்டுனா கெழங்கு அரைக்க முடியாது."

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். அவர் தோட்டத்துக் கிழங்கு வெட்டுக்கு நெருங்கியிருந்தது. வெட்டின கிழங்கு இரண்டு நாள் கிடந்தால் உள்ளே கறுத்துவிடும். எங்களை விட்டால் அடுத்த ஆலை எங்கேயோ. "இத மொதல்ல சொல்றதில்லையா!" என்று என்னை அதட்டினார். "சாணி வெலைக்கு வேணும்னு கேட்டா ஆரும் குடுக்க மாட்டாங்க. சாணி வேணும்னு கேட்டா ஆரும் இல்லேங்க மாட்டாங்க. அந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு?"

தெரியவில்லையே! தெரிந்திருந்தால் நான் ஏன் இத்தனை ஊரில் நனைந்திருக்கப் போகிறேன்?

அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். அவரே நிபந்தனைகளும் சொன்னார். செவ்வாய், வெள்ளியில் எருக்குழியிலிருந்து ஒன்றும் வெளியே போகாது. செருப்புக் காலோடு அள்ளக்கூடாது. அப்புறம் ஒன்று: கூடையில் கொடுத்தால் அந்தக் கூடை வெறுமையாகத் திரும்பி வரக்கூடாது. அது அந்த வீட்டுக்கு ஆகாது. "எதாச்சும் போட்டுக் குடு. ஒரு கை உப்பானாலும் சரி."

லாரி நிறைய, சாணி நிறைந்த மூங்கில் கூடைகளோடு இறங்கினோம். நான் யோசித்துப் பார்த்தேன். உப்பு எதற்கு? கிழங்கு அரைத்து மாவெடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கையைத் திப்பி என்போம். மாடு உயிரை விட்டுத் தின்னும். காய வைத்த திப்பி ஆலைக் கொட்டகையில் குவிந்து கிடந்தது. ஒவ்வொரு கூடையையும் கழுவி, திப்பியை நிறைத்து மேலே அனுப்பினோம். அடுத்த நடையில் கூடை இன்னும் நிறையக் கோபுரமாக வந்தது. "மாடெல்லாம் ஒங்க திப்பியத் தின்னுட்டு ஒங்களுக்கே போடுதுங்க," என்று டிரைவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இத்தனை நாளில் ஆலையில் கேட்ட முதல் சிரிப்பு அது.

வந்த சாணி முழுவதையும் மேஸ்திரிதான் கரைத்தார். வேறு யாரையும் விடவில்லை. முழங்கை வரை விட்டுக் கல்லும் குச்சியும் பொறுக்கி, கட்டி உடைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, குழந்தைக்குச் சங்கில் புகட்டுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். ஒரு நடையில் அக்காவும் லாரியேறி வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். "இத்தாம் பெரிய வயிறுங்களா! சீக்கு வயித்துக்கு மொதல்ல கஞ்சித் தண்ணிதான் குடுக்கோணும்," என்றார். "நானும் அதையேதானுங்க சொல்லிட்டிருக்கறேன்," என்றார் இன்ஜினியர் தம்பி, பாவம் போல.

தீபாவளி வந்தது. எங்கள் வீட்டில் முறுக்குக்கு அரிசி ஊறப் போடவில்லை. டிரம் அசையாமல் கிடந்தது. ஊரில் வெடிச் சத்தம் கேட்கிறது, நான் ஜன்னலில் நின்று ஒரு பச்சை டிரம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். "பாத்துட்டே இருந்தா எந்திரிக்குமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரும் நின்று பார்த்தார்.

ஒரு நாள் காலை டிரம் எழும்பியிருந்தது. ஒரு ஜாண் இருக்கும். நான் பால் பாத்திரத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். தம்பி கேஸைச் சோதிக்கிற குழாயைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினார். குச்சி அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. காற்று வருகிறது, தீப்பிடிக்கவில்லை. எரியாத காற்றுத்தான் முதலில் வரும், வயிறு இன்னும் முழுதாகத் தேறவில்லை என்று தம்பி சமாதானம் சொன்னார். மேஸ்திரி அணைந்த குச்சிகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு போனார்.  அந்த டிரம் எழும்பாமலே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மறுபடி சாணி, மறுபடி சுண்ணாம்பு. தினம் காலையில் குச்சி அணையும். அதிகாரிகள் வருகிற வாரமும் வந்துவிட்டது. அப்போது ஒரு நாள், நல்ல வெயிலில், தம்பி குச்சியைக் காட்டியதும் 'பொப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எதுவும் தெரியவில்லை. "அணைஞ்சு போச்சு," என்றேன்.

"அணையலீங்க அக்கா. நீலமா எரியுது, வெயில்ல தெரியல. கையக் காட்டிப் பாருங்க."

காட்டினேன். சுருக்கென்று சுட்டது. கண்ணுக்குத் தெரியாத நெருப்பு! "சுடுது! சுடுது!" என்று கத்திக்கொண்டு மற்றவர்கள் கையையும் பிடித்து இழுத்துக் காட்ட வைத்தேன். தோல் சீவுகிற பெண்கள் எல்லோரும் சுட்டுக்கொண்டு சிரித்தார்கள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கே கிழங்கு லாரியை வரச் சொன்னோம், கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவை விட்டோம், டிரம் ஏறிக்கொண்டே போனது. "இப்பவாச்சும் சாப்புட வாங்க மேஸ்திரி," என்று கூப்பிட்டேன்.

"ஓடட்டுங்க மொதல்ல," என்றார்.

அதிகாரிகள் வந்தார்கள். தலைமையாக வந்தவர் சிரிக்காத மனிதர். காப்பியும் வேண்டாம், பலகாரமும் வேண்டாம், இன்ஜினைப் போடுங்கள் என்றார். இன்ஜின் இருமியது. மறுபடி இருமியது. என் குலதெய்வத்துக்கு அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டதையெல்லாம் செய்வதற்கு அப்புறம் ரொம்ப காலம் ஆயிற்று. மூன்றாவது இருமலில் பிடித்துக்கொண்டு ஓடியது. கரண்ட் கம்பிக்கு ஏறுகிறது என்று மீட்டரைப் பார்த்துச் சொன்னார்கள். எனக்கு மீட்டர் புரியாது. இன்ஜினியர் தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அக்கா தன் முதல் வெட்டுக் கிழங்கோடு லாரியில் வந்து இறங்கினார். தராசைக்கூடப் பார்க்காமல் நேராக அதிகாரியிடம் போனார்.

"ஏனுங்க சாமி, இங்கிருந்து போற கரண்டு எங்க ஊருக்கு வருமுங்களா?"

"எது எங்க போகுதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. எல்லாம் ஒரே கம்பில கலந்துடும். மலைக்கும் அதே கம்பிதான் போகுது."

"அப்ப எங்க மாட்டுச் சாணியுந்தான் எங்கூட்டு பல்புல எரியுதுன்னு நான் சொல்லிக்கலாமுங்களா?"

அதிகாரி யோசித்தார். "சொல்லிக்கலாம்," என்றார்.

மழை பிடித்தது. ஒரு தடவை இன்ஜின் சத்தம் தாழ்ந்தது. குழாயில் நீர் கட்டியிருக்கிறது என்று தம்பி பாய்ந்து போய்த் திறந்து வடித்தார். சத்தம் பழையபடி நிமிர்ந்தது. மேஸ்திரி இன்ஜினை விட்டு அசையவே இல்லை. பொழுது சாய்ந்தபோது அதிகாரி மீட்டரைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"சரியா இருக்கு. போதும்ப்பா, இன்ஜினை நிறுத்திக்கலாம்."

வீட்டுக்காரர் அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஆலை பூட்டவில்லை. பூட்டவில்லை! மேஸ்திரி இன்ஜினின் விசைமேல் கையை வைத்தார். வைத்தவர் திருப்பவில்லை.

"நிறுத்தித்தான் ஆகோணுங்களா சார்?"

"ஏம்ப்பா?"

"இப்பத்தானுங்க அதுக்கு உசுரு வந்திருக்குது."

அதிகாரிக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. ஆனால் அவர் மேஸ்திரியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"அப்ப ஓடட்டும். நீங்க குடுக்குற வரைக்கும் நாங்க வாங்கித்தான் ஆகணும். எங்களுக்குக் கட்டாயம். நிறுத்துன்னு சொல்ல எனக்கு அதிகாரமில்லப்பா."

மேஸ்திரி கையை எடுத்தார். இன்ஜின் பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே ஒரு பெண் ஓடிப் போய் இலை கொண்டுவந்து போட்டாள். நான்தான் பரிமாறினேன். தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். இன்ஜின் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. இலை காலியானதும் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். காதைக் காட்டினேன்.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க அம்மிணி!" என்று கத்தினார்.